கோபக்காரிக்கு வராத கொதிப்பு

ரத்தக் கொதிப்பு கோபக்காரர்களுக்கு வரும் வியாதி என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். படித்தவன் படிக்காதவன் என்ற வித்தியாசமே இல்லை. ஐம்பதுகளில் கோவளத்துக்குப் பக்கம் கால்வாய்க் கரையில் குடியிருந்தோம். அந்தத் தெருவில் கோபக்காரி என்றால் நான் ஒருத்திதான். அதனால் எனக்கு அடிக்கடி தலை சுற்றியபோது யாரும் யோசிக்கவே இல்லை.

"கொதிப்புதான். கொஞ்சமாவா கத்தறா?" என்றாள் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. எங்களோடுதான் இருந்தாள்.

வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் உப்பு வாரும் வேலை. குரலை உயர்த்தியே அறியாதவர். மேஸ்திரி திட்டினால் சிரிப்பார். பக்கத்து வீட்டுக்காரன் எங்கள் வேலியைத் தள்ளிப் போட்டபோதும் சிரித்தார். வேலியைப் பிடுங்கி பழைய இடத்தில் நட்டவள் நான். அவருக்குத் தங்கம் என்று பேர். எனக்கு ராட்சசி.

மூன்று பேரும் பஸ் ஏறி செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார்.

"கொதிப்பெல்லாம் இல்லம்மா. உடம்புல ரத்தம்தான் கம்மி. கீரை சாப்பிடு."

நாத்தனாருக்கு முகம் விழுந்துவிட்டது. "நல்லாப் பாருங்க சாமி. இவ கத்தினா மாவலிபுரம் வரைக்கும் கேக்கும்."

வீட்டுக்காரருக்கு அந்தக் கருவி பிடித்துப்போனது. "எனக்கும் ஒருவாட்டி சுத்து சாமி" என்று விளையாட்டாகக் கையை நீட்டினார். டாக்டரும் சிரித்துக்கொண்டே சுற்றினார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மற்றொரு கையில் சுற்றினார். படுக்க வைத்தும் பார்த்தார்.

"தலைவலி, மயக்கம் ஏதாவது உண்டா?"

"ஒண்ணும் இல்ல சாமி. நல்லா துன்றேன், நல்லா தூங்கறேன்."

"அதுதான் ஆபத்து. இது வெளியே ஒண்ணும் காட்டாது. உள்ளே ரத்தக் குழாய் அழுத்தம் தாங்கித் தாங்கிக் கெட்டுப்போகும். ஒருநாள் மூளையில வெடிச்சா கை கால் விழுந்துடும். இருதயம் போகலாம், சிறுநீரகம் போகலாம். நீ சாதுவா முரடான்னு அது பாக்காது. மாத்திரையை விடாம சாப்பிடு. உப்பைக் குறை. கருவாடு, ஊறுகாய் கூடாது."

வீட்டுக்காரர் பணிவாகத் தலையாட்டினார். எல்லாவற்றுக்கும் அப்படித்தான் ஆட்டுவார். திரும்பும்போது பஸ்ஸில் நாத்தனார் தீர்ப்புச் சொன்னாள். "இவளுக்கு ஏற வேண்டியது அவனுக்கு ஏறிக்கினு கீது. கூடவே குந்திகினு இருந்தா ஏறாதா பின்ன?"

அடுத்த நாளிலிருந்து காலைக் கஞ்சியை அவரே கரைத்து என் கையில் கொடுத்தார். "உனுக்கு ரத்தம் கம்மின்னு சொன்னாங்களே. குடிமே." எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலியாணமாகி அதுவரை அடுப்புப் பக்கம் வராத மனிதர்.

கொஞ்ச நாளில் எனக்கு எந்நேரமும் தூக்கம். மூக்கு அடைத்துக்கொண்டே இருந்தது. மீன்காரி அழுகின மீனைத் தலையில் கட்டியபோது போகட்டும் என்று வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததும் திருந்திவிட்டாள் என்று தெருவே பூரித்தது. மாத்திரை டப்பாவும் காலியாகிக்கொண்டு வந்தது. மனிதர் ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று நானும் நம்பினேன்.

ஒரு மத்தியானம் உப்பு வாரிக்கொண்டிருந்தபோது அவர் வலது கை விழுந்துவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு நின்றுவிட்டது. உப்பு லாரியில் மூட்டைகள் மேல் படுக்க வைத்து அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதே டாக்டர்.

"மாத்திரை சாப்பிட்டாரா?"

"டப்பாவே காலி சாமி" என்றேன்.

வீட்டுக்காரர் இடது கையைத் தூக்கி விரலால் என்னைக் காட்டினார்.

நாத்தனார் துள்ளினாள். "பாத்தீங்களா சாமி! யாரால வந்துதுன்னு அவனே காட்டறான்!"

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்காரர் இல்லையென்று தலையசைத்து, டம்ளரைத் தூக்கிக் குடிப்பதுபோல் காட்டிவிட்டு மறுபடியும் என்னையே காட்டினார்.

"யோவ், மாத்திரைய என் கஞ்சியிலயா போட்ட?" என்றேன்.

ஆமாம் என்று தலையாட்டினார். பாதி வாயால் சிரிக்கவும் செய்தார்.

"உனக்குத் தூக்கமா இருந்துதா? மூக்கடைப்பு?" என்று டாக்டர் கேட்டார். நான் இருந்தது என்றதும், "அந்த மாத்திரை அப்படித்தான் பண்ணும்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொதிப்பு கோபக்காரிக்குத்தான்; டாக்டர் ஆள் மாற்றிச் சொல்லிவிட்டார்; மாத்திரையை உரியவளுக்குச் சேர்த்துவிட வேண்டும். இவ்வளவுதான் அந்தத் தங்கத்தின் கணக்கு. அன்பு என்று சொல்கிறார்கள். ஒரு கையை வாங்கிவிட்டது அந்த அன்பு.

உயிர் நிற்குமா என்று கேட்டேன். மாத்திரை இனியாவது அவர் வயிற்றுக்குள் போனால் நிற்கலாம் என்றார் டாக்டர்.

மறுநாள் காலை நர்ஸ் மாத்திரை கொண்டுவந்தார். வீட்டுக்காரர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, இடது கையால் அதை என் பக்கம் தள்ளினார். நான் கத்தினேன். மூக்கடைப்பெல்லாம் போய் என் குரல் முழுசாகத் திரும்பியிருந்தது. வார்டே எழுந்து உட்கார்ந்தது. அவர் பயந்து வாயைத் திறந்தார். மாத்திரையைப் போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, விழுங்கும்வரை தாடையை விடவில்லை.

நர்ஸ் என் தோளைத் தொட்டார்.

"மெதுவா பேசும்மா. நீ இப்படிக் கத்தினா அவருக்குக் கொதிப்பு ஏறிடும்."