செக்போஸ்ட் அக்கா போட்ட சிவப்பு

அலுவலகத்தில் அவளை எல்லோரும் செக்போஸ்ட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவள் காதுபடவே. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். நோயாளியின் கட்டிலருகே நின்று மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் இயந்திரம் செய்கிற கம்பெனி அது. இயந்திரத்துக்குள் ஓடுகிற மென்பொருளில் பாதி, யார் யாரோ எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்தது. இலவசம் என்றாலும் ஒவ்வொன்றோடும் ஓர் உரிமப் பத்திரம் வரும், இன்னின்ன நிபந்தனைப்படி எடுத்துக்கொள் என்று. அதை வரி விடாமல் படித்துக் குறி போடுவது அவள் வேலை. பச்சை என்றால் எடுத்துக்கொள்ளலாம். சிவப்பு என்றால் தொடக்கூடாது. மஞ்சள் என்றால் எழுதியவருக்கே மெயில் போட்டுக் கேட்கவேண்டும்.

எழுதுகிறவர்களில் குசும்பு பிடித்தவர்கள் உண்டு. இதைப் பயன்படுத்துகிறவர் தினமும் ஒரு பூனைக்காவது வணக்கம் சொல்லவேண்டும் என்று ஒருவர் போட்டிருந்தார். மற்றவர்கள் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தெருவில் பூனையே இல்லாதவன் என்ன செய்வான் என்று கேட்டுவிட்டுச் சிவப்பு போட்டாள். இந்த வேலைக்கு வருமுன் காப்பீட்டுக் கம்பெனியில் படிவம் சரிபார்த்தவள் அவள். ஒரு சொல் பிசகியதற்காக எத்தனையோ குடும்பங்கள் வெறுங்கையோடு திரும்பியதைக் கண்ணால் பார்த்தவள். எழுதியதை எழுதியபடிதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில் கறார்.

உண்மையைச் சொன்னால் அதில் சோம்பலும் இருந்தது. சிவப்பு போட ஒரு நிமிஷம் போதும். மஞ்சள் போட்டால் நாலு படிவம், சட்ட அதிகாரியின் கையெழுத்து, தாமதம் யாரால் என்று ஊரெல்லாம் பேச்சு. ஏழு வருஷத்தில் அவள் மஞ்சள் போட்டது மூன்றே முறை.

புது இயந்திரம் வெளியே போக இரண்டு வாரம் இருந்தபோது அது வந்தது. எத்தனை சொட்டு இறங்கியது என்று எண்ணுகிற சின்ன மென்பொருள் நிரல். பத்து வருஷமாகப் பலரும் பயன்படுத்திப் பழுதில்லை என்று பேர் வாங்கியது. அதன் உரிமத்தில் கடைசி வரி இப்படி: "இதை நல்ல காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்தவேண்டும். எது நல்ல காரியம் என்பதை என் அம்மா முடிவு செய்வார்."

அந்த அம்மா யார், உயிரோடு இருக்கிறாரா, நாளை மனம் மாறினால் என்ன கதி? சிவப்பு. ஒல்லியான இன்ஜினியர் ஒருவன், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆனவன், அவள் மேஜைக்கே வந்து நின்றான்.

"அக்கா, ஒரே ஒரு மெயில் போட்டுக் கேட்டுப் பாருங்க. இத நான் புதுசா எழுதினா இவ்வளவு சரியா வராது."

விதி எல்லோருக்கும் ஒன்றுதான் தம்பி என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லி அனுப்பிவிட்டாள். அவன் நாலு நாளில் சொந்தமாக எழுதினான். மேலோட்டமாகச் சோதித்தார்கள், இயந்திரம் ஊர் ஊராகப் போனது.

எட்டு மாதம் கழித்து ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் மின்சாரம் போய்விட்டு வந்தது. அவன் எழுதிய நிரல் அதுவரை எண்ணியதை மறந்து முதலிலிருந்து எண்ணத் தொடங்கியது. ஒருமுறை இறங்கவேண்டிய மருந்து இருமுறை இறங்கி, பஸ் ஓட்டுகிற ஒருவர் இறந்துபோனார். அவருக்கு முப்பத்தெட்டு வயது.

விசாரணையில் அவளைக் கேட்டார்கள். விதிப்படிதான் செய்தேன் என்றாள். பொய் இல்லை. அந்த இன்ஜினியர் வந்து கெஞ்சியதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை. அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். வேறெங்கும் மென்பொருள் வேலை கிடைக்காமல் கைபேசிக் கடையில் கண்ணாடி மாற்றுகிறான் என்று கேள்விப்பட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, படிவமும் கையெழுத்தும் இல்லாமல், அந்த நிரலை எழுதியவருக்கு மெயில் போட்டாள். மருத்துவ இயந்திரத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று இரண்டே வரி. பதில் வந்தது: "அம்மாகிட்ட கேட்டேன். ஆஸ்பத்திரிக்குன்னா கேக்கவே வேணாம், குடுத்துடுன்னு சொன்னாங்க. அந்த வரி சும்மா விளையாட்டுக்குப் போட்டது, மன்னிச்சிடுங்க."

அச்செடுத்து மேலாளரிடம் கொண்டுபோனாள். விசாரணை முடிந்துவிட்டது, இதை யாருக்கும் காட்டவேண்டாம் என்றார் அவர். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அந்த இன்ஜினியருக்குப் போன் செய்தாள். பதிலை முழுக்கப் படித்துக் காட்டினாள். நாளைக்கே விசாரணை அதிகாரியிடம் கொடுக்கப்போவதாகவும், அவன் அன்று வந்து கேட்டதைச் சொல்லப்போவதாகவும், வேலை போனால் போகட்டும் என்றும் சொன்னாள். அவன் கேட்டது ஒன்றுதான்.

"பதில் வர எத்தன நாளாச்சுக்கா?"

"இருபத்தோரு நிமிஷம்."

கடைக்கு வந்த யாரோ அவனிடம் எதற்கோ விலை கேட்டார்கள். அவன் விலையைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.