இடுப்பில் காணாமல்போன இரண்டு கட்டங்கள்

முப்பதுகளில் பினாங்கில் ஒரு போட்டோக் கடையில் எனக்கு டச்சிங் வேலை. கண்ணாடி நெகட்டிவில் முகத்தின் மேல் பென்சிலால் பொடிப்பொடியாகப் புள்ளி வைத்தால், அச்சில் தழும்பு மறைந்து தோல் வெளுக்கும். கருப்புத் திரைக்கு முன்னால் நிற்பவரின் இடுப்போரத்தைக் கத்தியால் சுரண்டினால், அந்த இடம் திரையோடு திரையாகிவிடும். ஊரில் பாதிப் பேரை அழகாக்கியது நான்தான் என்று தலைக்கனத்தோடு திரிந்தேன். எது அழகு என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஷாங்காயிலிருந்து வரும் சோப்பு, சிகரெட் காலண்டர்களில் ஒல்லியாக, வெளுப்பாக நின்ற பெண்கள்தான் என் அளவுகோல்.

ஒரு தீபாவளிக்கு முன், சூலியா தெரு ஜவுளிக்கடை முதலாளி கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலைக்குப் படத்தோடு நோட்டீஸ் அடிக்க ஆசைப்பட்டார். சேலை கட்டி நிற்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று எல்லா வீட்டிலும் பயம். நான் வீட்டில் புலம்பியதைக் கேட்ட என் மனைவி, "இதுக்கு ஏன் இவ்வளவு கவலை? நான் கட்டிக்கிட்டு நிக்கிறேன்" என்றாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல கருப்பு. மூன்று பிள்ளை பெற்ற அகன்ற இடுப்பு. சின்ன வயதில் வந்த அம்மைத் தழும்பு கன்னம் முழுக்க. அவள் பாசாருக்குள் நுழைந்தால் மீன்காரர் தராசை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வார். சிரித்தால் எதிர்வீட்டுக்குக் கேட்கும். கேமராவைக் கண்டால் எல்லோரும் விறைத்துப்போவார்கள். இவள் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருப்பவள் மாதிரி நின்றாள். கூட வந்திருந்த முதலாளிக்கு வாயெல்லாம் பல். இரண்டு கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்தோம்.

அதில் ஒன்றோடு நான் மூன்று நாள் உட்கார்ந்தேன். தழும்பை அடைத்தேன், நிறத்தை வெளுத்தேன், இடுப்பை இருபுறமும் சுரண்டினேன். சத்தியமாக அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அச்சிட்ட படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ஜன்னலோரம் நின்று வெகுநேரம் பார்த்தாள். "பொண்ணு நல்லாத்தான் இருக்கா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் முதலாளி படத்தையும் சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, உடம்பு வளைஞ்சா துணியில இருக்கிற கோடும் கூடவே வளையணும்லா. இங்க நேரா வந்து இடுப்புல வெட்டுப்பட்டு நிக்குது. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கட்டத்தைக் காணோம். எங்க போச்சு?"

நாற்பது வருடம் துணியோடு பழகிய கண். அதுவரை என் கைவேலையை யாரும் அப்படிக் கண்டுபிடித்ததில்லை. வேறு வழியில்லாமல், தொடாமல் கிடந்த இரண்டாவது தகட்டை அப்படியே அச்சிட்டுக் கொடுத்தேன். முதலாளி கட்டம் எண்ணிய கதையை வீட்டில் சொல்லி நான்தான் சிரித்தேன்.

நோட்டீஸ் வெளியான வாரம் ஜவுளிக்கடையில் நிற்க இடமில்லை. "நம்ம உடம்புக்கும் இது எடுப்பாத்தான் இருக்கும்போல" என்று சொல்லிக்கொண்டே பெண்கள் வாங்கிப் போனார்கள். கடையில் நின்று அந்தப் படத்தை அப்போதுதான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். அந்தக் கருப்பும் தழும்பும் சிரிப்பும் சேர்ந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கட்டங்கள் அவள் இடுப்பில் என்ன அழகாக வளைந்து போயிருந்தன. இப்படி ஒருத்தியோடு ஏழு வருடம் குருடனாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

பெருமை தாங்காமல் நோட்டீஸோடு வீட்டுக்கு ஓடினேன்.

"பார்த்தியா, தொடாமலே போட்டுட்டேன். ஊரே உன்னைப் பத்தித்தான் பேசுது."

அவள் நோட்டீஸைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"சேலையில ரெண்டு கட்டம் குறைஞ்சது முதலாளி கண்ணுல பட்டுச்சு. அதனாலதானே தொடாம போட்டீங்க? நான் குறைஞ்சது உங்க கண்ணுல படலியே."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். எனக்கு அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. "தப்புதான்" என்றேன்.