நாற்பத்தொரு கூடுகள்

சென்ற ஆண்டு ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்த மறுவாரம், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் போனேன். பையில் மடிக்கணினியும் பழைய களக்குறிப்பேடுகள் ஆறும் இருந்தன. நான் விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்த மாணவி ஒருவர் இப்போது ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். மலையடிவாரத் தோப்புகளில் சாம்பல் நிற அணில்கள் கட்டும் கூடுகளைக் கணக்கெடுக்கும் புதிய ஆய்வை அவர் தொடங்கியிருந்தார். என் பழைய குறிப்புகளையும் சேர்க்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். கூடவே ஒரு நிபந்தனை.

"சார், இமெயில்ல ஃபைல் அனுப்புற வேலையே கிடையாது. எல்லாம் கிட்லதான். ஒருநாள் வீட்டுக்கு வாங்க, நானே சொல்லித் தாரேன்."

கிட் என்பது ஒரு மென்பொருள். ஆய்வுக் கோப்புகள் உள்ள ஃபோல்டரை அதன் பொறுப்பில் விட்டுவிட்டால், நாம் பதிவு செய்யும் ஒவ்வொரு முறையும் எந்த வரியை யார், எப்போது, எப்படி மாற்றினார் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளும். வேண்டுமானால் பழைய நிலைக்குத் திரும்பலாம். இது எனக்கு எதற்கு என்றுதான் நினைத்தேன். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'சார் திருத்தியது', 'கடைசி ஃபைனல்' என்று கோப்புகளுக்குப் பெயர் வைத்தே பணிக்காலத்தை ஓட்டியவன் நான். அந்தப் பெயர்களில் ஒன்றுக்குள்தான் நான் சொல்ல வந்த தவறு இருக்கிறது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்த மாணவி மம்சாபுரத்திலிருந்து கிளம்பி, தோப்பு தோப்பாக நடந்து கூடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு பருவத்தின் கணக்கை அட்டவணையாக்கி எனக்கு அனுப்பினார். பக்கத்துத் தோப்புகளில் பத்து, பன்னிரண்டு என்று இருக்க, ஒரு தோப்பில் மட்டும் நாற்பத்தொன்று என்று இருந்தது. பதினான்கைத்தான் இலக்கம் மாற்றி அடித்துவிட்டார் என்று நானே முடிவு செய்தேன். அவரைக் கேட்கவில்லை. குறிப்பேட்டை வாங்கிப் பார்க்கவில்லை. அரை மணி நேரப் பயணத்தில் இருந்த தோப்புக்குப் போகவும் இல்லை. 41-ஐ அழித்து 14 என்று அடித்து, 'சார் திருத்தியது' என்ற பெயரில் திருப்பி அனுப்பினேன். நெறியாளர் திருத்தித் தந்ததை வரிவரியாகச் சரிபார்க்கும் மாணவர் நம் ஊரில் யார்? அவர் அந்தக் கோப்பிலிருந்தே மேலே எழுதிக்கொண்டு போனார்.

ஆய்வுக் குழுக் கூட்டத்தில், வெளியிலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர் குறிப்பேட்டையும் அட்டவணையையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "இது எப்படிம்மா மாறுச்சு?" என்று கேட்டார். மாணவி திரும்பி என்னைப் பார்த்தார். அந்த நொடியில் எனக்கு எல்லாமே நினைவுக்கு வந்துவிட்டது. மறந்துவிட்டேன் என்று இன்று சொன்னால் அது இன்னொரு பொய். "டேட்டா என்ட்ரியில கவனம் வேணும்மா" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்.

அந்தப் பருவத்தின் கணக்கு முழுவதையும் நம்ப முடியாதது என்று ஒதுக்கினார்கள். அவர் இன்னொரு வருடம் தோப்புகளில் அலைந்து மறுபடி எண்ணி, பட்டமும் வாங்கினார். நான் வாய் திறக்கவே இல்லை.

சென்ற ஆண்டு நான் போன அன்று அவர் வீட்டில் காபி கொண்டுவந்து கொடுத்தது அவருடைய அம்மா. வயல் வேலை செய்து மகளைப் படிக்கவைத்தவர். நாங்கள் கணினியைத் திறப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பழைய கணக்கா அய்யா? அந்த வருசம் இவளை எண்ணத் தெரியாதவன்னு சொல்லிட்டாவளே! பொம்பளப்பிள்ளை தனியாப் போகுதேன்னு நாந்தான் தொணைக்குப் போனேன். மரத்துக்கு மரம் அண்ணாந்து பாத்துக் கூடவே எண்ணுனேன். எனக்கு எழுத்துத்தான் வராது அய்யா. எண்ணவுமா வராது?"

"அம்மா, சும்மா இரு" என்றார் மகள். நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

கிட்டில் முதல் கோப்பாக அவர் ஏற்றியிருந்தது அந்தப் பருவத்தின் அட்டவணை. அருகில் குறிப்பேட்டுப் பக்கத்தின் புகைப்படம். மேலே, 'ஐயத்துக்குரியது, பயன்படுத்த வேண்டாம்' என்ற குறிப்பு. அந்தத் தோப்பு இப்போது இல்லை. மரங்களை வெட்டி பிளாட் போட்டுவிட்டார்கள். அங்கே எத்தனை கூடுகள் இருந்தன என்பதற்கு இனி உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. எது சரி என்று தெரியாததால் அந்த வருட உழைப்பு முழுவதும், அவர் பெயரில் விழுந்த கறையோடு சேர்த்து, அப்படியே கிடந்தது.

"பழகுறதுக்கு எதையாவது ஒண்ணை மாத்திப் பாருங்க சார். தப்பாப் போனாலும் திருப்பிக்கலாம்" என்றார்.

நான் 14-ஐ அழித்து 41 என்று அடித்தேன். பழைய எண் சிவப்பிலும் புதியது பச்சையிலும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தன. பதிவு செய்யும் கட்டளையைக் கொடுத்தேன். மாற்றத்துக்கான குறிப்பு எழுத ஓர் இடம் திறந்தது. அதை வெறுமையாக விட்டு மூடினேன். பதிவாகவில்லை.

"அது விடாது சார். என்ன, ஏன்னு ஒரு வரி எழுதினாத்தான் ஏத்துக்கும். எங்க காலேஜ்ல லீவு லெட்டருக்குக்கூட இம்புட்டுக் கண்டிப்பு கிடையாது" என்று சிரித்தார்.

பேராசிரியராக இருந்த காலமெல்லாம் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. 'தட்டச்சுப் பிழை திருத்தம்' என்று முதலில் அடித்தேன். அதோடு முடித்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த வரியின் பக்கத்தில் என் பெயர் இருக்கும். திட்டத்தில் உள்ள ஐந்து பேருக்கும் அது போகும். அன்று கேள்வி கேட்ட அந்தக் குழு உறுப்பினரும் அந்த ஐவரில் ஒருவர். அதை அழித்துவிட்டு எழுதினேன்: 'களக்குறிப்பில் உள்ள 41 என்பதே சரி. அதை 14 என்று மாற்றியது ஆய்வாளர் அல்ல, நெறியாளராகிய நான். அவரைக் கேட்காமல் மாற்றினேன். கூட்டத்தில் தெரிந்தே மறைத்தேன்.'

பதிவு செய்து, எல்லோருக்கும் போகும்படி அனுப்பியும் விட்டேன்.

அவர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். "நான் அடிக்கலைன்னு எனக்குத் தெரியும் சார். காட்டுறதுக்குத்தான் கையில ஒண்ணும் இல்லை" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காரணம் ஒரு வரி போதும். நீங்க நாலு வரி எழுதியிருக்கீங்க" என்றார்.

"என்னட்டி ஆச்சு?" என்று அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா. நீ எண்ணுனது சரிதானாம்."

"அது எனக்கு அப்பவே தெரியுமே" என்று சொல்லிவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இரண்டு நாளில் அந்தக் குழு உறுப்பினர் பதில் எழுதினார். 'பயன்படுத்த வேண்டாம்' என்ற குறிப்பை அவரே நீக்கியிருந்தார். அதற்கான காரணத்தையும் எழுதியிருந்தார். அந்தப் பருவத்தின் கணக்கு இப்போது ஆய்வில் இருக்கிறது, வெட்டப்பட்ட தோப்பின் நாற்பத்தொரு கூடுகளும் சேர்த்து. மறுபடி எண்ண அவர் அலைந்த அந்த ஒரு வருடத்தை மட்டும் என்னால் அவருக்குத் திருப்பித் தர முடியவில்லை.

ஆய்வு தொடங்கும் எவருக்கும் நான் தயங்காமல் சொல்வேன்: முதல் நாளே கிட்டில் தொடங்குங்கள், உங்கள் நெறியாளரையும் இதற்குள் இழுத்து வாருங்கள். அறுபத்தைந்தைத் தாண்டிய நானே ஒரு காலைப் பொழுதில் பழகிக்கொண்டேன். இன்றும் எந்த எண்ணில் கை வைத்தாலும், 'ஏன்' என்பதற்கு உண்மையான பதில் கைக்கு வரும்வரை அந்த வெற்று வரியின் முன் உட்கார்ந்திருக்கிறேன்.