தீர்ப்பை முதலில் சொன்ன பட்டிமன்றம்

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர் வட்டத்தில் என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். தலைப்பைக் கேளுங்கள் — 'போஸ்னியா இனப்படுகொலை: நடந்ததா? கட்டுக்கதையா?'

இட்லியா, தோசையா என்பதுபோல!

கருத்தரங்கமாகத்தான் ஆரம்பித்தது. ராஜபாளையத்து மும்தாஜ் டீச்சர், 1995-இல் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா என்ற ஊரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. செயலாளர் ராமசுப்பு அண்ணாச்சிதான் மாற்றிவிட்டார். "கருத்தரங்கம்னா சேர் மட்டுந்தான் வரும் சார். பட்டிமன்றம்னாத்தான் ஆளு வரும்."

எதிரணிக்கு ஜெராக்ஸ் கடை குணசேகரன். எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசுவார். பொங்கலுக்கு மாமியார் கட்சி, தீபாவளிக்கு மருமகள் கட்சி. இந்தமுறை யூடியூபை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். மேடை ஏறுமுன்பே டீச்சரிடம் ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாம் செட்டப்பு டீச்சர். பாதிப் பேரு பாடியே கிடைக்கலையாம்ல?"

டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டினார்.

"எப்படிண்ணே கிடைக்கும்? ஆம்பளைகளையும் பயகளையும் ஆயிரக்கணக்குல சுட்டுப் பொதைச்சாக. பொறவு மாட்டிக்கிருவோம்னு மிஷின் வச்சுத் தோண்டி, வேற வேற குழியில தள்ளுனாக. ஒரே பிள்ளை எலும்பை ரெண்டு மூணு குழியில பொறுக்கி, ஆத்தா ரத்தத்தோட ஒத்துப் பாத்துத்தான் இன்னார்னு கண்டுபிடிச்சாக. ஹேக்ல இருக்க சர்வதேசக் கோர்ட்டு இனப்படுகொலைன்னு சொல்லி, செஞ்ச தளபதிமாருக்கு ஆயுள் தண்டனையும் கொடுத்தாச்சு. அதை நான் இங்க கைத்தட்டு வாங்கி ஜெயிக்கணுமாக்கும்? சார், முதல்ல தீர்ப்பைச் சொல்லுங்க, பொறவு பேசுதேன். இல்லைன்னா இந்தா... பஸ் ஏறப் போறேன்."

அண்ணாச்சி பதறினார். "தீர்ப்பை முதல்லயே சொன்னா கூட்டம் எந்திரிச்சிரும்லா? எப்பவும்போல 'ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு'ன்னு முடிச்சிருங்க சார்."

எப்பவும்போல... எத்தனை மேடையை அப்படி முடித்திருக்கிறோம்! யார் மனமும் நோகாது. எல்லோரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். குழிக்குள் கிடப்பவர்கள் எந்த வீட்டுக்குப் போவார்கள்?

மைக்கைப் பிடித்தேன். "நடந்தது. இதுதான் தீர்ப்பு. எப்படி நிரூபித்தார்கள் என்பதை டீச்சர் சொல்வார்."

ஒருவரும் எழுந்து போகவில்லை. டீச்சர் முடித்தபோது கைதட்டவும் இல்லை.

குணசேகரனைக் கூப்பிட்டேன். குறிப்புகளை மடித்துச் சட்டைப்பையில் செருகியபடி வந்தார். மைக்கிலேயே கேட்டார்: "இன்னும் கிடைக்காதவுக இருக்காகளா டீச்சர்?"

"இருக்காக. அவுக அம்மாமாரு இன்னும் காத்துக்கிட்டிருக்காக."

"அப்ப நான் உக்காருதேன்."

எதிரணிப் பேச்சாளர் ஒருவர், நேரம் மீதம் இருக்கும்போதே தானாக உட்கார்ந்ததை முதன்முதலாகப் பார்த்தேன் — மணியடிக்க வழக்கம்போல முன்கூட்டியே கைதூக்கிய அண்ணாச்சி அப்படியே நின்றார்.