என் சாட்சியில் சாத்தானின் பங்கு

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. கார் ஓட்டும்போது மட்டும்தான் உடம்பு ஓர் இடத்தில் இருக்கும், அப்போதும் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். சபையில் பாஸ்டர் பிரசங்கம் செய்யும்போது மூன்று முறையாவது எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். ஆவியானவர் பிரதரை நிலைகொள்ள விடமாட்டேன் என்கிறார் என்று பெண்கள் பக்கத்தில் யாராவது பெருமையாகச் சொல்வார்கள். என் மனைவி முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருப்பாள்.

நாங்கள் செங்கல்பட்டில் குடியிருக்கிறோம். மாமல்லபுரத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு நான் ஒரு முதலாளியின் டாக்சியை ஓட்டுகிறேன். எங்கள் குடும்பம் திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயக் குடும்பம், ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீடு. நானும் என் மனைவியும் கிறிஸ்தவத்துக்கு வந்தது ஒரு விபத்துக்குப் பிறகு. கிழக்குக் கடற்கரைச் சாலையில், திருவிடந்தை தாண்டி, பைக்கிலிருந்து இரண்டு பேரும் விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த அவளுக்கு வலது முழங்கால் நொறுங்கிப்போனது. நாவலூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் சூப்பர்வைசராக இருந்தாள். அந்த வேலை போனது. இப்போது வீட்டில் மோட்டார் வைத்த மெஷினில் ஜாக்கெட் தைக்கிறாள்.

அந்த விபத்தைத்தான் ஏழு வருஷமாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். ஒருவருக்குக் காய்ச்சல் விட்டிருக்கும், இன்னொருவருக்குக் கல்பாக்கத்தில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்திருக்கும். அவற்றின் நடுவே என்னுடையது சிங்கம் மாதிரி எழுந்து நிற்கும். சாத்தான் என்னைக் குடிகாரனாக்கினான், சாத்தான் என் குடும்பத்தை அழிக்கப் பார்த்தான், சாத்தான் என் கையில் குப்பியைக் கொடுத்து பைக்கில் ஏற்றினான், கர்த்தரோ என்னைத் தூக்கி எடுத்தார். மதுராந்தகம், கல்பாக்கம் என்று மற்ற சபைகளிலிருந்தும் கூப்பிடுவார்கள். மைக் கையில் வந்துவிட்டால் எனக்கு நேரம் போவது தெரியாது.

சொல்லச் சொல்ல அது மெருகேறியது. முதல் வருஷம் லாரியே இல்லை. இரண்டாம் வருஷம் எதிரே ஒரு லாரி வந்தது. மூன்றாம் வருஷம் அது கறுப்பு லாரி. நான்காம் வருஷம் டிரைவர் சீட்டில் ஆளே இல்லை, சாத்தான்தான் ஓட்டி வந்தான். இதைச் சொல்லும்போது எனக்கே புல்லரிக்கும். சத்தியமாக அந்த லாரியை நான் நம்பவும் ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் பாஸ்டர் என் மனைவியை எழுந்து நிற்கச் சொல்வார். இனி நடக்கவே மாட்டாள் என்று டாக்டர்கள் சொன்ன சகோதரி என்பார். அவள் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நாலடி நடப்பாள். தகரக் கூரை அதிர அல்லேலூயா எழும்பும். அவள் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவள் சாட்சி சொன்னதில்லை. நானும் ஏன் என்று கேட்டதில்லை.

போன வருஷம் என் காரில் ஓர் அம்மா வந்தார். எழுபது வயதிருக்கும், ரிட்டயர்டு டீச்சர், தனியாகவே ஊர் சுற்றுகிறவர். எந்த நாடு என்று கேட்டேன். இஸ்ரேல் என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் சபையில் இஸ்ரேலுக்காக ஜெபிக்காத வாரம் கிடையாது. யோர்தான் நதித் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் வாங்கி வந்த பாஸ்டரையே நாங்கள் ஒரு மாதம் அதிசயமாகப் பார்த்தோம். அந்தத் தேசத்துக்காரரே என் பின்சீட்டில் உட்கார்ந்து தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்.

மாமல்லபுரத்தில் மகிஷாசுரமர்த்தினி குகையைப் பார்த்துவிட்டு வந்தவர், எருமைத் தலையோடு நிற்கிறவன் யார் என்று கேட்டார். அசுரன், அம்மன் கையால் சாகப்போகிறவன் என்றேன். சாகப்போகிறவன் மாதிரி தெரியவில்லையே, தண்டத்தைப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி அல்லவா நிற்கிறான், இவன்தான் உங்கள் ஊர்ச் சாத்தானா என்று சிரித்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன். நான் இப்போது கிறிஸ்தவன், சாத்தானை நேரில் பார்த்தவன், சென்னைக்குப் போகிற வழியில் அந்த இடத்தையே காட்டுகிறேன் என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.

என் டூரிஸ்ட் இங்கிலீஷில் முழுச் சாட்சியையும் சொன்னேன். லாரியையும் விடவில்லை. விழுந்த இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்துக் கையைக் காட்டினேன். அல்லேலூயா வரும் என்று கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வெளியே சவுக்கு மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"உன் மனைவி என்ன சொன்னாள்?"

எதற்கு என்றேன். நீ மன்னிப்புக் கேட்டபோது என்றார். கர்த்தர் என்னை மன்னித்துவிட்டார் என்றேன். அது கடவுளுக்குச் செய்ததற்கு, நான் கேட்பது உன் மனைவியைப் பற்றி என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வண்டியைத் திருப்பித் திருவிடந்தைக் கோயில் பக்கம் கொண்டுபோய் நிழலில் நிறுத்தினேன். அவருக்கு ஓர் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். கோபத்திலும் விருந்தாளிக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும். பிறகு, இது என் வேலை இல்லை, சாத்தானின் வேலை, உங்கள் வேதத்திலேயே அவன் இருக்கிறானே என்று சண்டைக்கு நின்றேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை, வகுப்பெடுக்கிற மாதிரியும் பேசவில்லை. எங்களிடமும் அவன் இருக்கிறான், ஆனால் வேறு ஆள் என்றார். அவர்கள் வேதத்தில் அவன் கடவுளின் எதிரி ராஜா இல்லையாம். கடவுளின் சபையிலேயே நிற்கிற ஒரு வேலைக்காரன். கோர்ட்டில் குற்றம் சாட்டுகிற சர்க்கார் வக்கீல் மாதிரி, இவன் உண்மையிலேயே நல்லவன்தானா, சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்பவன். சோதிப்பதற்கும் மேலே அனுமதி வாங்க வேண்டும். அவனுக்கென்று ஒரு ராஜ்யமோ படையோ கிடையாது. ஏதேன் தோட்டத்தில் வந்த பாம்பு யார் என்று மடக்கினேன். பழைய கதையில் அது பாம்புதான், பின்னால் வந்த எங்கள் குருமார்களான ரப்பிகள் சிலர் அதில் அவனையும் பார்த்தார்கள், எங்களுக்குள்ளும் ஆளுக்கொரு பேச்சு உண்டு, அவனை நினைத்தே பார்க்காத யூதர்களும் ஏராளம் என்றார். வானத்திலிருந்து விழுந்ததாக வேதம் சொல்கிற விடிவெள்ளி யார் என்றேன். அது கர்வம் பிடித்த ஒரு பாபிலோன் ராஜாவைக் கேலி செய்கிற பாட்டு, உங்களவர்கள் அதில் சாத்தானைப் பார்த்தார்கள் என்றார்.

அப்படியானால் தப்பு செய்யத் தூண்டுவது யார்? அதற்கு அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நல்லது பக்கம் இழுக்கிற ஒன்றும் கெட்டது பக்கம் இழுக்கிற ஒன்றும் மனிதனுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது, எந்தப் பக்கம் போவது என்பது அவன் பொறுப்பு என்றார். வருஷத்தில் ஒரு நாள் பட்டினி கிடந்து கடவுளிடம் மன்னிப்புக் கேட்பார்களாம். அன்றைக்கும் கடவுள் தனக்கு எதிராகச் செய்ததை மட்டும்தான் மன்னிப்பார். ஒரு மனிதருக்குச் செய்ததை அந்த மனிதரிடம் போய்த்தான் கேட்க வேண்டும். அதனால் அதற்கு முந்தின நாட்களில் ஆட்களைத் தேடிப் போய்க் கேட்பார்களாம். அவர் தங்கையிடம் ஒரு தடவை கேட்கப் போய், அவள் கதவைச் சாத்திவிட்டாளாம். இளநீர்க் காயை வைத்துவிட்டுப் போகலாம் என்றார்.

அவரை விட்டுவிட்டு வரும்போது உள்ளுக்குள் கொதித்தது. இயேசுவை மேசியாவாக ஏற்றுக்கொள்ளாதவர்களுக்குச் சாத்தானைப் பற்றி என்ன தெரியும் என்று கறுவிக்கொண்டே வந்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் கோபத்துக்கு நடுவே அந்தக் கேள்வி செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்தியது. மறுநாள் இரண்டு சவாரிகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பாஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

அவர் கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர். எதையும் கழற்றிப் பார்த்துத்தான் பேசுவார். அந்த அம்மா சொன்னதெல்லாம் பொய் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் வேதத்தைப் புரட்டிவிட்டு, பழைய ஏற்பாட்டில் அவன் கர்த்தர் சந்நிதியில் வந்து நிற்பது உண்மைதான் என்றார். நாம் அதைச் சுவிசேஷ வெளிச்சத்தில் படிக்கிறோம், நமக்கு அவன் விழுந்துபோன தூதன், ஆத்துமாக்களைத் திருடுகிறவன், சிலுவையில் தோற்றவன், அவர்கள் அப்படிப் படிப்பதில்லை என்றார். எனக்கு மூச்சு வந்தது. அப்படியானால் என் சாட்சி சரிதானே என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவன் தூண்டலாம் பிரதர். தூண்டினான்னு சொன்னா நம்ம தப்பு நம்மளுது இல்லன்னு ஆயிடுமா? காணிக்கையோட வந்தவன, மொதல்ல போயி உன் சகோதரனோட ஒப்புரவாவு, அப்பறம் வந்து குடுன்னுதான ஆண்டவர் சொல்லிக்கீறாரு. சகோதரிய நீங்க கேட்டிருப்பீங்கன்னு நான் நெனச்சிகினு இருந்தேன்."

இதை ஏழு வருஷத்தில் ஒரு தடவையாவது அவர் சொல்லியிருக்கலாம் என்று அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. உலகத்தில் யார் மேலாவது கோபப்பட்டுக்கொண்டே இருந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. கொளவாய் ஏரியை இரண்டு சுற்று சுற்றிவிட்டு மத்தியானம் வீட்டுக்குப் போனேன்.

அவள் தைத்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தேன், எழுந்தேன், ஃபேனைக் கூட்டினேன், குறைத்தேன். துணி பறக்கிறது என்றாள். கடைசியில், அன்னைக்கு நடந்ததுக்கு என்னை மன்னிச்சிடு மே என்று சொல்லிவிட்டேன். மெஷின் நின்றது.

"எது நடந்துச்சி?"

ஆக்சிடென்ட் என்றேன். லாரி வந்துச்சே, அதா என்று கேட்டாள். அவள் குரலில் கேலியே இல்லை. லாரி எதுவும் வரவில்லை என்றேன். அப்புறம் இன்னாதான் நடந்துச்சி, நீயே சொல்லு என்றாள்.

சொன்னேன். கோவளத்தில் அவள் சித்தப்பா மகள் கல்யாணம். பந்தி முடிந்து மண்டபத்துக்குப் பின்னால் நான் குடித்தேன். நான் பஸ்ஸில் போகிறேன், நீ தெளிந்த பிறகு வா என்று அவள் சொன்னாள். அவள் சொந்தக்காரர்கள் முன்னால் என்னைக் குடிகாரன் என்று காட்டுகிறாளே என்று எனக்கு ஆத்திரம். ஏறுடி என்று கை ஓங்கினேன். எல்லாரும் பார்க்கிறார்களே என்று கூசிப்போய் அவள் ஏறினாள். மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று தோளைத் தட்டிக்கொண்டே வந்தாள். அதற்காகவே இன்னும் முறுக்கினேன். ஓரத்து மணலில் சக்கரம் வழுக்கியது. அவ்வளவுதான் நடந்தது. இதில் சாத்தானை நுழைக்க நான் எவ்வளவு இடம் தேடியிருக்கிறேன் என்று சொல்லும்போதுதான் தெரிந்தது.

அவள் அழுவாள் அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஊரெல்லாம் மைக்குல ஒண்ணு சொல்லிகினு இருந்த. என்னயும் நடக்க வுட்டு காட்டின. இத மட்டும் வூட்டுக்குள்ள எங்கிட்ட சொல்ற. அத்த எங்க சொன்னியோ, இத்தயும் அங்கயே சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாட்சி நேரத்தில் எழுந்தேன். எத்தனையோ தடவை பிடித்த மைக்கை அன்றைக்கு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். லாரி பொய் என்றேன். ஏறமாட்டேன் என்றவளைக் கை ஓங்கி ஏற்றியது நான், ஓட்டியது நான், மெதுவாகப் போகச் சொன்னதற்கு முறுக்கியதும் நான் என்றேன். சாத்தான் பெயரை எடுக்கவில்லை. பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, அவளைப் பார்த்து, என்னை மன்னித்துவிடு என்று கேட்டேன்.

ஒரு ஸ்தோத்திரம்கூட வரவில்லை. முன்வரிசைப் பெரியவர் தரையைப் பார்த்தார். பாஸ்டர் அன்றைக்கு அவளை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. யாரோ அவசரமாக ஒரு பாட்டை எடுத்தார்கள், தாளம் சேரவில்லை. அதற்குப் பிறகு வேறு எந்தச் சபையிலிருந்தும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

ஆராதனை முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். வழக்கமாக நான் நாலடி முன்னால் போய் நின்று, அவள் வந்து சேர்ந்ததும் மறுபடி நடப்பேன். அன்றைக்கும் அப்படித்தான் போய் நின்றேன். அவள் வந்து சேர்ந்ததும் பொறுக்க முடியாமல், இப்பவாவது மன்னிச்சிட்டியா என்று கேட்டேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை மாற்றி ஊன்றினாள்.

"இன்னும் இல்ல. இன்னிக்கித்தான நீ கேட்டுக்கீற."