பதினான்கு பெட்டிகள்

மருத்துவமனையில் அவளை ஆறு பாஷைக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆறு பாஷையில் அச்சடிப்பாள், ஆனால் பேசத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதையும் பெரிய டாக்டர் எதிரே வந்துவிட்டால் விழுங்கிவிடுவாள்.

பயம் அவளோடு கூடப் பிறந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருகிற ரகம். லிஃப்டில் ஏற மாட்டாள், மூன்று மாடியும் படிதான். "இவளுக்குப் பயப்பட ஒண்ணும் கிடைக்கலைன்னா, அதுக்கும் சேர்த்துப் பயப்படுவா" என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தப் பயத்தோடுதான் பத்தொன்பது வருஷம் ஒரு நாள் தாமதமில்லாமல் வேலைக்கு வந்தாள், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தாள்.

வேலை இதுதான். குணமாகி வீட்டுக்குப் போகிற நோயாளி கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். எந்த மாத்திரை, எத்தனை, எந்த வேளை, எப்போது திரும்ப வர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். அந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள் பல பாஷைக்காரர்கள், அதனால் தாளும் ஆறு பாஷையில் வேண்டும். வெளியூரில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற டீச்சரம்மா மொழிபெயர்த்து மெயிலில் அனுப்புவார். இவள் அதைக் கம்ப்யூட்டரில் எடிட்டரில் போட்டு, அந்தந்தப் பாஷை எழுத்துக்கு உரிய ஃபான்ட்டைக் கொடுத்து, வரி உடையாமல் அடுக்கி அச்சடிக்க வேண்டும்.

படிக்கத் தெரியாத பாஷையை எப்படி அடுக்குவது? அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் முகத்தைப் பார்த்துப் பேர் வைத்துவிட்டாள். வட்டம் வட்டமாக இருப்பது வளையல் பாஷை. மேலே ஒரு கோடு போட்டு எழுத்தெல்லாம் அதிலிருந்து தொங்கினால் கொடிப் பாஷை, துணி காயப்போடுகிற கொடி மாதிரி. வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் வருவது திரும்பிப் பாஷை. எந்தப் பாஷைக்கு எந்த ஃபான்ட், எந்த அளவு, அது இல்லாவிட்டால் அடுத்தது எது என்று நீள நோட்டு ஒன்றில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். அந்த நோட்டை வேறு யாராவது தொட்டால் அவள் முகம் வெளுத்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தான். மெஷின் மெதுவாகப் போகிறது என்று எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தான்.

"இப்ப பாருங்கக்கா, குதிரை மாதிரி ஓடும்."

குதிரை ஓடியது, சேணத்தைக் காணோம். அவள் சேர்த்து வைத்த ஃபான்ட்டில் பாதி போயிருந்தது. போன் பண்ணினால், "நெட்ல தேடிப் போட்டுக்கங்கக்கா, ஏகப்பட்டது கிடக்கு" என்றான். தேடித் தேடி ஒவ்வொன்றாகப் போட்டாள். கொடிப் பாஷைக்கு மட்டும் பழைய ஃபான்ட் கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது, பார்க்க லட்சணமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில், குழந்தைகள் வார்டுக்கு வேண்டிய வலிப்பு மாத்திரைத் தாளை அதில் போட்டுப் பார்த்தாள். எழுத்தெல்லாம் ஒழுங்காக வந்தது. நடு நடுவே மட்டும் சின்னச் சின்ன வெற்றுப் பெட்டிகள். எண்ணினாள், பதினான்கு.

அவளுக்கு அந்தப் பெட்டிகள் புதிதல்ல. டீச்சரம்மா மெயிலிலிருந்து எடுத்து ஒட்டும்போது, கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறிகள் சில கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். அதுதான் பெட்டியாகத் தெரிகிறது என்று நினைத்திருந்தாள். அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொன்றாக அழித்துவிடுவாள். வருஷக்கணக்கில் அப்படித்தான். அன்றும் பதினான்கையும் பொறுக்கி எறிந்தாள். தாள் பளிச்சென்று ஆனது. இருபது பிரதி எடுத்து வார்டு சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் புதன்கிழமை, பதினோரு மணி இருக்கும். அதே தாளைத் திரும்பிப் பாஷையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சரிபார்ப்பதற்காக ஆறு தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினாள். படிக்கத் தெரியாவிட்டாலும் எண்கள் தெரியுமே. மூன்றாவது வரியில் ஐந்து தாளிலும் ½ என்று இருந்தது. ஒரு வேளைக்கு ½ மாத்திரை. கொடிப் பாஷைத் தாளில் மட்டும் அந்த இடம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

டீச்சரம்மாவின் மெயிலைத் திறந்து மறுபடி எடிட்டரில் ஒட்டினாள். பதினான்கு பெட்டி. மூன்றாவது வரியில் ஒரு பெட்டி. அந்த ஒரு பெட்டியை மட்டும் பிடித்து வேறு ஃபான்ட்டுக்கு மாற்றினாள். அது ½ ஆகி அவளைப் பார்த்தது. மற்ற பதின்மூன்றையும் அப்படியே மாற்றிப் பார்த்தாள், அவை வெறும் இடைவெளிதான். பெட்டிக்குள் எழுத்தும் இருக்கலாம், ஃபான்ட்டுக்குத்தான் அதைக் காட்டத் தெரியாது. பத்தொன்பது வருஷத்தில் இந்த ஒரு விஷயத்தை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம்.

அரை மாத்திரை என்பது வெறும் மாத்திரை ஆகிவிட்டது. வலிப்புக்கான மாத்திரை. சாப்பிடப்போவது குழந்தை.

மூன்று மாடிப் படியில் அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. வார்டில் சிஸ்டர் இல்லை. தட்டில் தாள்கள் இருந்தன. எண்ணினாள். பத்தொன்பது. மறுபடி எண்ணினாள். அப்போதும் பத்தொன்பதுதான்.

யாரும் பார்க்கவில்லை. பத்தொன்பதையும் தூக்கிக்கொண்டு போய்ப் புதிதாகப் பத்தொன்பது வைத்துவிட்டால் ஈ காக்காய்க்குத் தெரியாது. அந்த நினைப்பு அவளுக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள், வேலை போய்விடும் என்று பயந்தாள். ஆனால் அந்த இருபதாவது தாள் எங்கேயோ ஒரு வீட்டில் இருந்தது. அந்தப் பயம் மற்ற எல்லாப் பயத்தையும் தின்றுவிட்டது.

சிஸ்டர் ஊசித் தட்டோடு வந்தாள். "என்ன ஆறு பாஷை, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிற?"

"சிஸ்டர், கொடி... இந்தத் தாள் ஒண்ணு யாருக்குக் குடுத்தீங்க?"

"நேத்து மத்தியானம் அந்த நாலு வயசுப் பொண்ணு போச்சே, அதுக்கு. ஏன்?"

சொன்னாள். சிஸ்டர் தட்டை வைத்த வேகத்தில் ஊசியெல்லாம் குதித்தது.

"அழிச்சியா? என்னன்னு தெரியாமலேயே அழிச்சியா? உனக்குக் கையா அது, கத்தரிக்கோலா?"

"குப்பைன்னு நினைச்சேன் சிஸ்டர்."

"நினைச்சியாம்! நான் அந்தத் தாய்கிட்ட மாத்திரையை உடைச்சே காட்டினேன். ஆனா அப்பன்காரன் படிச்சவன், தாளைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தான்." திட்டிக்கொண்டே பதிவேட்டைப் புரட்டி நம்பரைத் தேடினாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடியும் போட்டாள், அதே கதை.

"விலாசம் இருக்கு. கட்டட வேலைக்காரங்க லைன் வீடு. நான் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேன், நீ ஆட்டோ பிடி. அழறதா இருந்தா ஆட்டோல அழு, இங்க நேரமில்ல."

ஆட்டோவில் அவள் அழவில்லை. விரல் விட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தாள். நேற்று மாலை ஒரு வேளை, இன்று காலை ஒரு வேளை. முழுசாகக் கொடுத்திருந்தால் இரண்டு மாத்திரை. ஒழுங்காகக் கொடுத்திருந்தால் ஒன்று. சிக்னலில் வண்டி நின்றபோதெல்லாம் சிஸ்டரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சிஸ்டர் தட்டிவிடவில்லை.

தகரக் கூரை போட்ட ஒரே மாதிரியான பதினைந்து அறைகள். ஒன்பதாவது வாசலில் தாய் துணி அலசிக்கொண்டிருந்தாள். பிழைக்க வந்து சில வருஷம் ஆனதில் இந்த ஊர்ப் பேச்சு அவளுக்குப் பழகியிருந்தது. சிஸ்டரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"குழந்தை எங்க?"

"தூங்குது."

பகல் பன்னிரண்டு மணிக்குத் தூங்குகிறது. ஆறு பாஷைக்காரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சிஸ்டர் உள்ளே பாய்ந்து குழந்தையின் இமையைத் தூக்கிப் பார்த்தாள், நாடியைப் பிடித்தாள். தாய்க்கு ஒன்றும் புரியவில்லை.

"மாத்திரை எங்கம்மா? அட்டையைக் காட்டு" என்று இவள் கேட்டாள். குரல் வெளியே வந்ததே அவளுக்கு ஆச்சரியம்.

தாய் தகர டப்பாவிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தாள். பத்து குழி. இரண்டு குழி காலி.

இரண்டு. ஆட்டோவில் போட்ட கணக்கு கண் முன்னே நின்றது. சிஸ்டர் திரும்பி, "ரெண்டும் முழுசாவா குடுத்தே?" என்று கத்தினாள்.

தாய் மிரண்டுபோய்த் தலையை ஆட்டினாள், இல்லை என்று. புடவைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தாள். அதில் காகிதத்தில் சுற்றிய பாதி மாத்திரை இருந்தது.

"நேத்து சாயங்காலம் அவர் முழுசு குடுத்தாரு. நான் சொன்னேன், அந்தம்மா உடைச்சுக் காட்டுச்சு, பாதிதான்னு. அவரு பேப்பரைக் காட்டி, பாதின்னு எங்க இருக்கு, நீ படிச்சவளான்னு கேட்டாரு. ராத்திரியெல்லாம் பொண்ணு அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிச்சு. காலையில நடந்தா கால் பின்னுது. அவர் வேலைக்குப் போனதும் நான் உடைச்சுப் பாதிதான் குடுத்தேன். வந்து திட்டினா திட்டட்டும்னு மீதியை ஒளிச்சு வெச்சிருக்கேன்."

"நீ பண்ணதுதான் சரி" என்று சிஸ்டர் மூச்சு விட்டாள். "பாப்பா, எழுந்திரு. ஏய், கண்ணைத் திற."

குழந்தை கண்ணைத் திறந்தது. சிஸ்டரைப் பார்த்து, ஊசி என்று நினைத்து வீரிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டபோதுதான் இவள் கதவு நிலையை விட்டுக் கையை எடுத்தாள்.

குழந்தையை ஆட்டோவிலேயே தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு முழு மாத்திரையோடு நின்றதால் ஆபத்தில்லை, சாயங்காலம் வரை இங்கேயே இருக்கட்டும் என்றார். பிறகு இவள் பக்கம் திரும்பினார்.

"நடந்ததை எழுதிக் குடுங்க. என்ன நடவடிக்கைன்னு அப்புறம் பார்க்கலாம்."

எழுதிக் கொடுத்தாள். எதையும் மறைக்காமல், பதினான்கு பெட்டி, பதினான்கும் நான்தான் அழித்தேன் என்று எழுதினாள். கையெழுத்து கோணலாகப் போயிற்று.

பிறகு மேஜைக்குப் போனாள். டீச்சரம்மாவுக்குப் போன் போட்டு, அரை என்பதைக் குறியாகப் போட வேண்டாம், எழுத்தால் எழுதுங்கள், மற்ற ஐந்து பாஷையிலும் அப்படியே எழுதுங்கள் என்று கேட்டாள். "இத்தனை நாள் கேட்டிருக்கலாமேம்மா" என்றார் அவர். "பயமா இருந்துச்சு டீச்சர்" என்றாள். வந்ததை அடுக்கினாள். ஒரு பெட்டியும் இல்லை. அப்படியும் நம்பாமல், அச்சடித்த தாளைப் படம் பிடித்து அனுப்பி, வரி வரியாக டீச்சரம்மா படித்துச் சொல்லும் வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

நாலு மணிக்குப் புதுத் தாளோடு வார்டுக்குப் போனாள். குழந்தை கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. இவளுக்கு ஒரு துண்டு கூடத் தர மறுத்துவிட்டது. தாய் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல பாதின்னு இருக்கா? அவருகிட்ட காட்டணும்."

படிக்கத் தெரியாத இரண்டு பெண்கள் அந்தத் தாளைக் குனிந்து பார்த்தார்கள். இவள் தாளை நேராகத் திருப்பி, மூன்றாவது வரியில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள். அந்தப் பாஷையில் அவளுக்குத் தெரிந்த ஒரே சொல், அன்று மத்தியானம் கற்றது.

"இதான். பாதி."

தாய் தன் விரலையும் அந்த இடத்தில் வைத்து அழுத்திப் பார்த்தாள், எங்கேயும் ஓடிவிடாதே என்பது போல. பிறகு இவளை நிமிர்ந்து பார்த்து, "இன்னொரு தடவை காட்டுங்கக்கா" என்றாள்.