தங்கை வாங்கிக் கொடுத்த கண்ணாடி

எங்கள் ஜன்னல் திரைக் கடையில் துணி வெட்டுபவளை எல்லோரும் கத்திரி அக்கா என்போம். அவள் வெட்டிய துண்டை நான் மறுபடி அளந்ததே இல்லை. அப்படியே மிஷினில் வைத்துத் தைப்பேன். எவ்வளவு அகலம் வெட்டவேண்டும் என்று கம்ப்யூட்டரிலிருந்து சீட்டு வரும். அந்தச் சீட்டின் கணக்கைப் போடும் டெம்ப்ளேட்டை எழுதியவள், எங்கள் கடையிலேயே கம்ப்யூட்டர் பார்க்கும் அவளுடைய சொந்தத் தங்கை. துணி வெட்டித்தான் அக்கா அவளைப் படிக்கவைத்தாள்.

ஒரு சமயம் வாடிக்கையாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சத்தம் போட்டார்கள். ஒரு ஜன்னலுக்குத் தைத்த மூன்று திரையும் சேர்ந்து அதை முழுசாக மூடவில்லை, விடிந்தால் வெயில் முகத்தில் அடிக்கிறது என்றார்கள்.

"என்னம்மா, கண்ணு தெரியலையா?" என்றார் முதலாளி.

அக்கா வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "ஆமா சார், வீட்டுலயும் ஊசி கோக்கத் தடுமாறுறா. நான் கண்ணாடி வாங்கித் தரேன்."

அக்காவை இஸ்திரி மேசைக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணாடி போட்டால் அவளுக்கு மண்டையைப் பிளக்கும். "தங்கச்சி ஆசையா வாங்கிக் குடுத்தது, கழட்ட மனசு வரல" என்பாள். கடவுளே, இவள் கண்ணைக் காப்பாற்று என்று நானும் வேண்டாத நாளில்லை.

இஸ்திரி மேசை கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில்தான். போன வாரம், வேலைக்குப் புதிதாக வந்தவருக்குத் தங்கை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கணக்கு நாம போடவேணாம், இதுக்குள்ளயே ஃபங்ஷன் இருக்கு. ஃப்ளோர்னு போட்டா புள்ளிக்கு அப்புறம் உள்ளதை விட்டுடும். சீல்னு போட்டா அடுத்த முழு எண்ணுக்கு ஏத்திடும். இருநூறு சென்டி ஜன்னலை மூணா வகுத்தா அறுபத்தாறே சொச்சம். முன்ன நான் ஃப்ளோர் போட்டு வெறும் அறுபத்தாறா வந்துச்சு, மொத்தத்துல ரெண்டு சென்டி குறைஞ்சிடுச்சு. அப்புறம் சத்தமில்லாம சீல்னு மாத்திட்டேன்."

கருகல் வாடை வந்தது. நான் ஓடிப்போய் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினேன்.

"எப்ப மாத்தின?" என்றாள் அக்கா.

தங்கைக்கு முகம் வெளுத்துவிட்டது. "கண்ணாடி வாங்கறதுக்கு முன்னாடியேக்கா. சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும்."

"என் கண்ணு போச்சுன்னு சொல்ல மட்டும் நாக்கு வந்துச்சா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றி கீபோர்டின் மேல் வைத்தாள். "போ, முதலாளிகிட்ட சொல்லு."

தங்கை எழுந்திருக்கவில்லை.

"நான் போய்ச் சொல்லட்டுமாக்கா?" என்றேன்.

"வேணாம். அவ வாயால வரணும்."

சாயங்காலம் தங்கை வழக்கம்போல வாசலில் நின்று, "அக்கா, போலாமா?" என்றாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அவளைத் தாண்டி நடந்தாள்.